கொறட்டைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?

(முட்டத்தில் நடந்த கூட்டமைப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் நிலுவை, தணிக்கை எல்லாம் பேசி முடித்தாயிற்று. மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவங்க, நாகர்கோவில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவங்க இருக்கீங்க, தெரியும். அரை மணி நேரம் மட்டும் கொடுங்க. இன்றைக்கு நாம் பேசப் போவது குறட்டை.

சிரிக்கிறீங்க பார்த்தீங்களா! குழுக் கூட்டங்களில் இந்தத் தலைப்பைச் சொன்னபோதும் இதே சிரிப்புத்தான். “எனக்க மாப்பிள விடுக கொறட்டையில பக்கத்து வீட்டு நாயும் ஒறங்காது” என்று ஒரு அக்கா சொன்னார்கள். இன்னொரு அக்கா, “கொறட்டைக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?” என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எல்லாக் குறட்டைக்கும் ஆஸ்பத்திரி வேண்டாம். சில குறட்டைக்குக் கட்டாயம் வேண்டும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியணும், அவ்வளவுதான்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது? மூக்குக்கும் மூச்சுக்குழலுக்கும் நடுவே தொண்டை இருக்கிறது. அங்கே எலும்பு கிடையாது, தசைதான். முழித்திருக்கும்போது தசை விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைக்கும். தூங்கும்போது தளரும். நாக்கும் பின்னால் சரியும். வழி குறுகினால் போகிற காற்று சதையை அதிர வைக்கும். அதுதான் குறட்டை. ஜலதோஷம் பிடித்தால், அசதியாகப் படுத்தால் யாருக்கும் வரலாம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இளநீர் குடிக்கிற குழாயை நினைச்சுக்கோங்க. கடைசியில் பலமா உறிஞ்சினால் குழாய் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. சிலருக்குத் தொண்டை அப்படி முழுசாக ஒட்டிக்கொள்கிறது. நெஞ்சும் வயிறும் மூச்சுக்காக ஏறி இறங்கும். ஆனால் காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை பயந்துபோய் ஒரு உலுக்கு உலுக்கும். ‘ஹக்’ என்ற சத்தத்தோடு மூச்சு திரும்பும். மறுபடி குறட்டை, மறுபடி அடைப்பு. இதைத்தான் டாக்டர்கள் ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிங்க. பக்கத்தில் படுத்திருக்கிற நமக்குத் தொந்தரவு சத்தம். சத்தம் நின்றால், ‘அப்பாடா, இனி நாமளும் கொஞ்சம் கண்ணை மூடலாம்’ என்று திரும்பிப் படுத்துக்கொள்வோம். ஆனால் ஆபத்து அந்தச் சத்தம் நின்ற நேரத்தில்தான் இருக்கிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. மூச்சு வெகுவாகக் குறைந்து போவதையும் சேர்த்து எண்ணுவார்கள். ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 தடவை என்றால் லேசானது. 15 முதல் 30 வரை மிதமானது. 30-க்கு மேல் போனால் கடுமையானது. முப்பது என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை! தூங்குகிறவருக்கு இது எதுவும் ஓர்மை இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றுதான் சொல்வார். காலையில் தலைவலி, நாக்கு வறட்சி. பகலெல்லாம் கண் சொருகும்.

இது வருஷக்கணக்கில் நடந்தால் இரத்த அழுத்தம் ஏறும். மூன்று மாத்திரை போட்டாலும் இறங்காத பிரஷர் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு இந்த நோய் ஒளிந்திருக்கிறது. இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கும், பக்கவாதத்துக்கும், சர்க்கரை கட்டுக்குள் வராமல் இருப்பதற்கும் இதோடு சம்பந்தம் உண்டு. பைக் ஓட்டும்போது ஒரு நொடி கண் அசந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். விசைப்படகில் ராத்திரி சுக்கான் பிடிக்கிறவர் கண் அசந்தாலும் அதே கதிதான்.

இந்தித் திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹரியைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கழுத்து நிறையத் தங்கச் சங்கிலி போட்டிருப்பார். 2022 பிப்ரவரியில் மும்பையில் 69 வயதில் இறந்தார். அவருக்குத் திரும்பத் திரும்ப வந்த நெஞ்சுத் தொற்றோடு ஸ்லீப் ஆப்னியாவும் இருந்ததாகச் சிகிச்சை அளித்த டாக்டர் சொன்னார். அப்போது பல பத்திரிகைகளில் இந்த நோயின் பெயர் வந்தது. அடுத்த வருஷம், 2023-ல், மணிகண்டன் நடித்த ‘குட் நைட்’ படம் வந்தது. குறட்டையால் ஒரு பையன் படுகிற அவமானம்தான் கதை. நம்ம வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள், கொஞ்சம் அழவும் செய்தார்கள்.

அந்தப் படத்தில் குறட்டை விடுகிறவர் ஆண். பெண் விட்டால்?

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பேசணும். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள். பெரியவர்களில் 100 பேருக்கு 11 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களில் 13, பெண்களில் 5. நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல். பெண்களுக்குக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு இந்த வித்தியாசம் வேகமாகக் குறைந்துவிடுகிறது. அதோடு, பெண்கள் விஷயத்தில் இதைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆண் வந்தால் ‘பயங்கரக் குறட்டை டாக்டர்’ என்று மனைவி சொல்லுவாள். பெண் போனால் என்ன சொல்கிறாள்? அசதியாக இருக்கு, தலைவலிக்குது, ராத்திரி தூக்கம் வரல்ல, மனசு சரியில்ல. உடனே இரத்தசோகைக்கு மாத்திரை, இல்லாவிட்டால் ‘வயசு அப்படி’ என்று பதில். இரத்தசோகையும் தைராய்டும் பார்க்கத்தான் வேண்டும். அதோடு நின்றுவிடக் கூடாது.

இன்னொன்று, சாட்சி. இந்த நோய்க்கு முதல் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர்தான். நம்ம கடப்புறத்தில் ஆண்கள் தங்கல் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் வருவதில்லை. சிலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அவர்கள் விடுகிற குறட்டைக்குப் படகில் பத்துப் பேர் சாட்சி. கரையில் தனியாகத் தூங்குகிற நமக்கு யார் சாட்சி? கணவரை இழந்த சகோதரிகளுக்கு யார் சாட்சி? நமக்கு மூச்சு நிற்கிறதா என்று நமக்கே தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை.

சாட்சி இருக்கிற இடத்திலும் நாம் மறைக்கிறோம். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போகும்போதும், கல்யாண வீட்டில் பெண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கும்போதும், சத்தம் கேட்டுவிடுமோ என்று விடிய விடிய முழித்துக் கிடக்கிற பெண்களை எங்களுக்குத் தெரியும். பயிற்சிக்கு வெளியூர் கூப்பிட்டால் ‘ராத்திரி தங்க மாட்டேன்’ என்று ஒரு ஊக்குநர் ஏன் சொன்னார் என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. வெட்கம்! மூச்சுக்கு என்ன வெட்கம், சகோதரிகளே?

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 2008-ல் கனடா நாட்டு டாக்டர்கள் எட்டுக் கேள்வி தயாரித்தார்கள். உலகமெங்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூடிய கதவைத் தாண்டிக் கேட்கிற மாதிரிக் குறட்டையா? பகலில் அசதியும் தூக்கமுமா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்திருக்கிறார்களா? பிரஷர் உண்டா? உடல் எடை மிக அதிகமா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? எட்டாவது, நீங்கள் ஆணா? மூன்றுக்கு ‘ஆமா’ வந்தால் டாக்டரிடம் போகணும். நம்ம குழுக்களில் தையல் தெரிந்தவங்க எத்தனை பேர்! ஜாக்கெட் அளவெடுக்கிற நாடாவைக் கழுத்தில் சுற்றிப் பாருங்க. 40 செ.மீ. என்பது ஏறத்தாழப் பதினாறு அங்குலம். தனியாகத் தூங்குகிறவர்கள் செல்போனில் ஒலிப்பதிவை ஓட விட்டுப் படுங்க. இல்லாவிட்டால் மகளையோ பேத்தியையோ ஒரு ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்துக் கவனிக்கச் சொல்லுங்க. டாக்டருக்கு அந்தப் பதிவு பெரிய உதவி.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து நம் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவர்களிடம், ‘ராத்திரி தூக்கம் எப்படி?’ என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கர்ப்பிணிகளைச் சொல்லாமல் விடக் கூடாது. இதுவரை இல்லாத குறட்டை கர்ப்ப காலத்தில் புதிதாக வந்தால் செக்கப்புக்குப் போகும்போது நர்ஸம்மாவிடம் சொல்லணும். அதற்கும் கர்ப்ப கால இரத்தக் கொதிப்புக்கும் தொடர்பு இருக்கிறது. பிள்ளைகளும் அப்படித்தான். வாயைத் திறந்தபடி, குறட்டை விட்டு, வேர்த்து வேர்த்துத் தூங்குகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் வீங்கியிருக்கும். அந்தப் பிள்ளை பகலில் தூங்கி வழியாது, துறுதுறுவென்று அடங்காமல் திரியும், படிப்பில் கவனம் இருக்காது. டீச்சரிடம் அடி வாங்கும். பிள்ளைகளுக்கு அந்தச் சதையை அறுவை செய்து எடுப்பதுதான் முதல் சிகிச்சை, பெரும்பாலும் நல்ல பலன் தரும்.

பெரியவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை செய்வார்கள். ஒரு ராத்திரி உடம்பில் ஒயர்கள் ஒட்டி, மூச்சு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு, மூளை அலை எல்லாம் பதிவு செய்வார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. சிலருக்கு வீட்டிலேயே வைத்துப் பார்க்கிற சிறிய கருவியும் கொடுப்பார்கள். இந்தப் பரிசோதனை இல்லாமல் யார் என்ன மெஷின் விற்றாலும், என்ன ஆபரேஷன் சொன்னாலும் சம்மதிக்காதீங்க.

இனி சிகிச்சை. காசு செலவில்லாததிலிருந்து தொடங்குவோம். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், அதனால் ஒருக்களித்துப் படுக்கணும். தூக்கத்தில் புரண்டுவிடுகிறவர்களுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது. பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுவிட வேண்டும். மல்லாந்தால் உறுத்தும், தானாகத் திரும்பிவிடுவார். லேசான நோய்க்கு இதிலேயே பலன் தெரிவதுண்டு. அடுத்தது எடை. அமெரிக்காவில் விஸ்கான்சின் என்ற இடத்தில் நடந்த நீண்ட கால ஆய்வில், எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தவர்களுக்கு மூச்சு நிற்கிற எண்ணிக்கை நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 70 கிலோ உள்ளவர் 7 கிலோ குறைக்கணும். ராத்திரி ஒரு தட்டு மரச்சீனியும் அதற்கு மேல் சோறும் என்பதை மாற்றி, மரச்சீனியைக் குறைத்து மீனையும் காயையும் கூட்டினால் போதும். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒல்லியாக இருந்தால் இந்த நோய் வராது என்று நினைக்காதீங்க. தாடை சின்னதாக, உள்ளடங்கி இருந்தாலும் வரும்.

மது. குடித்துவிட்டு வந்த நாளில் சத்தம் இரண்டு மடங்கு என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்துகிறது. தூக்க மாத்திரைகள் பலவும் அதே வேலையைச் செய்யும். குறட்டை விடுகிறவர் தூக்கம் வரல்ல என்று தானாக மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது ரொம்ப ஆபத்து. மூக்கடைப்பு, அலர்ஜி, தைராய்டு இருந்தால் அதையும் சரி செய்யணும்.

டி.வி.யில் காட்டுகிற மூக்குப் பட்டை, காந்தக் கிளிப், ஸ்பிரே? மூக்குப் பட்டை மூக்கைக் கொஞ்சம் திறக்கும், சத்தம் குறையலாம். அடைகிற இடம் தொண்டை. அங்கே அது ஒன்றும் செய்யாது. சத்தத்தை மட்டும் குறைத்து நோயை மூடி வைத்தால் யாருக்கு லாபம்?

மிதமான, கடுமையான நோய்க்கு முதல் சிகிச்சை சிபாப் என்கிற மெஷின். 1980 வரைக்கும் கடுமையான நோயாளிக்குக் கழுத்தில் ஓட்டை போட்டு குழாய் வைப்பதைத் தவிரப் பெரிய வழி இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன், காற்றை ஊதுகிற மோட்டாரையும் மூக்கு மாஸ்க்கையும் குழாயால் இணைத்து, நோயாளியின் தொண்டைக்குள் மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்திப் பார்த்தார். தொண்டை ஒட்டவில்லை. 1981-ல் அதை மருத்துவ இதழில் எழுதினார். சைக்கிள் டியூபில் காற்று இருக்கும்வரை அதன் சுவர் ஒட்டாது இல்லையா, அதே தத்துவம். இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. நம்ம அறையில் இருக்கிற காற்றைத்தான் ஊதுகிறது. மெஷின் மாட்டியவுடன் சாகப் போகிறார்கள் என்று சொந்தக்காரங்க அழ வேண்டாம்!

மெஷின் நோயை ஒழிக்காது. மாட்டுகிற ராத்திரிக்குத்தான் பலன். கண்ணாடி போடுகிற மாதிரி. முதல் இரண்டு வாரம் பழக்கம் வராது, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், வாய் வறளும். பலர் அப்போதே பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் மாஸ்க் அளவை மாற்றிக் கேட்கணும். பகலில் உட்கார்ந்த நிலையில் அரை மணி நேரம் போட்டுப் பழகணும். ஈரப்பதம் தருகிற தண்ணீர்ப் பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ச்சி வடித்த தண்ணீர்தான். மாஸ்க்கைத் தினமும் கழுவணும், நம்ம ஊர் உப்புக் காற்றில் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்கணும். கரண்ட் வேண்டும் என்பது ஒரு பிரச்சினை. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! பேட்டரியில் ஓடுகிற மாடலும் இருக்கிறது. வாங்கும்போது அதையும் கேளுங்க.

வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டு வந்த பழைய மெஷினைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன்னுடைய லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு பொடிந்து மூச்சுக்குள் போகலாம் என்பதுதான் காரணம். அந்த வரிசை மெஷின் கைமாறி வந்து சேரலாம். அதோடு, காற்றழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தருக்கு வைத்த அழுத்தம் இன்னொருத்தருக்குச் சரிவராது.

மெஷின் ஒத்துவராதவர்களுக்கு, லேசான மிதமான நோய் என்றால், பல் டாக்டர் அளவெடுத்துச் செய்கிற ஒரு பல் செட் உண்டு. கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து வைக்கும். ஆபரேஷனும் உண்டு. அடைப்பு எங்கே என்று பார்த்து, தேர்ந்தெடுத்த ஆட்களுக்குத்தான். அண்ணச் சதையை வெட்டினால் எல்லோருக்கும் குணமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. நாக்கு நரம்பைத் தூண்டுகிற கருவியை உடம்பில் பதிப்பதற்கு 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது நமக்கு எட்டாத விலை. எடை குறைக்கிற டிர்ஸெபடைடு ஊசியைப் பருமனோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவுக்குக் கொடுக்க 2024 டிசம்பரில் அங்கே அனுமதித்தார்கள். அந்த ஊசி 2025-ல் சர்க்கரைக்கும் பருமனுக்குமாக நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. வாரம் ஒன்று போடணும், விலையும் அதிகம், டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

சங்கு ஊதினால் சரியாகுமாமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். அதுவும் பொய்யில்லை. ஜெய்ப்பூர் டாக்டர்கள் 30 நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்குச் சங்கு ஊதக் கற்றுக் கொடுத்து, ஆறு மாதம் வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி செய்ய வைத்தார்கள். பகல் தூக்கமும், மூச்சு நிற்பதும் ஓரளவு குறைந்ததாக 2025-ல் எழுதியிருக்கிறார்கள். தொண்டைத் தசைக்கு அது நல்ல உடற்பயிற்சி. கன்னியாகுமரி கடையில் சங்கு கிடைக்கும், வாங்கி ஊதுங்க, யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. கடுமையான நோய்க்குச் சங்கை நம்பி மெஷினை விடக் கூடாது.

கடைசியாகக் காசு. மெஷின், மாஸ்க் எல்லாம் சேர்த்து, மாடலைப் பொறுத்து 30,000 ரூபாயிலிருந்து 60,000-க்கு மேலும் போகிறது. நம் குழுக்களின் கடன் பதிவேட்டில் ‘கடனின் நோக்கம்’ என்ற பத்தியைப் புரட்டினோம். வலை, எஞ்சின் ரிப்பேர், மகன் காலேஜ் ஃபீஸ், காது குத்து, கூரை. மருத்துவம் என்று எழுதியதிலும் கணவருக்கு, பிள்ளைக்கு, மாமியாருக்கு. தனக்கு என்று வாங்கியது விரல் விட்டு எண்ணலாம்.

ஒரு குழுவில் மீன் வியாபாரம் செய்கிற ஐம்பது தாண்டிய அக்கா. சந்தையில் மீனைக் கூறு போட்டுக்கொண்டே தூங்கி விழுவார்களாம். ‘குடிச்சிருக்கியா?’ என்று கூடக் கேட்டிருக்கிறார்கள். மகன் போனில் பதிவு செய்து காட்டியதால் பரிசோதனைக்குப் போனார்கள். கடுமையான நோய் என்று வந்தது. குழுவில் 40,000 ரூபாய் கடன் கேட்டார்கள். “கொறட்டைக்கா கடன்? நாளைக்குக் கொட்டாவிக்கும் கேப்பா” என்று ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரிக்க, அந்த அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்கள். அன்று தீர்மானம் எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் மகனின் போன் பதிவை எல்லோரையும் கேட்க வைத்தோம். இருபது விநாடி சத்தமே இல்லை. பிறகு அந்த ‘ஹக்’. சிரித்தவர் முதலில் கையெழுத்துப் போட்டார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, இருபது தவணை. ஒரு தவணையும் தவறவில்லை. இப்போது அந்த அக்கா காலை நாலு மணிக்கு முழித்து ஏலத்துக்கு முதல் ஆளாக நிற்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசுங்க. மருத்துவக் கடன் வரம்பில் தூக்கப் பரிசோதனையையும் மெஷினையும் சேர்த்துத் தீர்மானம் எழுதிக் கூட்டமைப்புக்கு அனுப்புங்க. மூன்று கேள்விக்கு ‘ஆமா’ வந்தவர்கள் உங்கள் பிரதிநிதியிடம் பெயர் கொடுங்க. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போவோம், எங்களில் ஒருத்தர் கூட வருவோம். காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டலாம். தூக்கப் பரிசோதனை எங்கே செய்வது என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, இப்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வாங்க. போனில் பதிவு செய்தவர்கள் அழித்துவிடாதீங்க. கூடப் படுக்கிற ஆள், மகளோ மருமகளோ, அவர்களையும் கூட்டி வாங்க, டாக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் அவர்களுக்குத்தான் தெரியும்.